மேட்டு வீடு

2058 அக்டோபர் 22, கடலூர்: மாலையில் கனமழை, தொடர்ந்து கடுங்குளிர் என்று முன்னறிவிப்பு வந்தது. தெருவில் தண்ணீர் ஏறாத வீடு எது என்பதையும் அதுவே சொல்லும். மற்றவர்கள் அங்கே தங்கலாம். இம்முறை தில்லைநாயகத்தின் வீடு.

தெருவார் வந்தால் புதுத் தரை பாழாகிவிடுமென்று, அதில் "வெளியூரில் இருக்கிறோம்" எனப் பதிந்துவிட்டு, அவரும் மனைவி குமுதவல்லியும் விளக்கை அணைத்து உட்கார்ந்திருந்தார்கள். தெருவார் தொலைவிலிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்கள்.

பள்ளமான கொல்லையில் தண்ணீர் ஏற, அவர்களின் ஆடு கத்தியது. குமுதவல்லி எழுந்தாள். தில்லைநாயகம் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

எதிர்வீட்டு செபஸ்தியம்மாளின் குரல் கேட்டது. "ஆட்டைக் கட்டிப்போட்டுட்டா ஊருக்குப் போவாங்க, கூறுகெட்டதுங்க!" அதைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தாள்.

மறுநாள் காய்ச்சலோடு வந்து ஆட்டைக் கட்டினாள்.

"எப்பண்ணே வந்தீங்க?"

"காலையிலதான்," என்றார் தில்லைநாயகம், அவள் முகத்தைப் பார்க்காமல்.