முக்கோண தோசை

நான்கு வயது இதழினிக்கு எதற்கெடுத்தாலும் சுவர் மிஸ்தான் வேண்டும். சுவர்த்திரையில் தெரிகிற அந்தச் செயற்கை அறிவு மிஸ்ஸுக்குக் களைப்பில்லை, கோபமில்லை. ஒரே கேள்வியை ஐம்பது தரம் கேட்டாலும் சிரித்தபடி பதில் வரும். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே அம்மா மஞ்சரிக்கு வயிறு எரியும்.

குழந்தை யார் பேச்சை நம்புகிறாள் என்று பார்க்க, ஒருநாள் காலையில் மஞ்சரி தோசையை முக்கோணமாக வெட்டித் தட்டில் வைத்தாள்.

“இதுக்குப் பேரு வட்டம்.”

“மிஸ் முக்கோணம்னாங்களே.”

“அவளுக்கு என்னடி தெரியும்? அம்மா சொல்றேன், வட்டம்.”

பாடம் தொடங்கியதும் மஞ்சரி கதவோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மிஸ் படத்தைக் காட்டியதும் குழந்தை சட்டென்று, “முக்கோணம்” என்றது. மஞ்சரியின் முகம் தொங்கிப்போனது. மேற்கொண்டு கேட்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மாலையில் மறுபடியும் தோசையை வெட்டி நீட்டினாள். “இது என்ன தங்கம்?”

“வட்டம்மா.”

மஞ்சரி அவளை வாரி அணைத்துக்கொண்டாள். “அப்போ மிஸ்கிட்ட மட்டும் ஏன் முக்கோணம்னு சொன்ன?”

இதழினி தோசையை மென்றபடியே சொன்னாள்.

“முக்கோணந்தாம்மா அது. ஆனா நீ கேட்டா வட்டம்னே சொல்லணுமாம். இல்லேன்னா அம்மா பாவம், அழுவாங்கன்னு மிஸ்தான் சொன்னாங்க.”