ஆயுத பூஜை பெட்ரோல்

ஆயுத பூஜை அன்று வெள்ளைக் காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, நேரே பெட்ரோல் பங்குக்கு ஓட்டிப்போனார் அதன் முதலாளி. "இன்னிக்கு மட்டும் இதுக்கு உசத்தி பெட்ரோல் போடுப்பா" என்றார்.

வெள்ளைக் காருக்குத் தலைகால் புரியவில்லை. இனி மேம்பாலத்தில் பஸ்ஸை முந்தலாம்! ஆனால் மேம்பாலம் வந்ததும் வழக்கம்போல இரண்டாவது கியரில்தான் முக்கி முக்கி ஏறியது. பஸ் முந்திப் போனது.

பாலம் இறங்கியதும் சிக்னல். பக்கத்தில் ஒரு சிவப்புப் பந்தயக் கார் நின்றது.

"அண்ணே, நீங்க தினமும் இந்த உசத்தி பெட்ரோலைத்தானே குடிக்கிறீங்க? எத்தனை நாள்ல வேகம் வரும்?" என்று கேட்டது வெள்ளைக் கார்.

"வேகம் என் எஞ்சினோடது தம்பி. அது பெட்ரோலை ரொம்ப அழுத்தும். சாதா பெட்ரோல்னா தாங்காம நேரத்துக்கு முன்னாடியே வெடிச்சு, உள்ளே டக்டக்னு இடிக்கும். உனக்கு இடிக்குமா?"

"ஒருநாளும் இல்லையே. எந்த ஊர் பங்க்ல சாதா பெட்ரோல் போட்டாலும் ஓடுவேன்."

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். சிவப்புக் கார் நகராமல் மெல்லக் கேட்டது:

"தம்பி, சாதா பெட்ரோல் எப்படி இருக்கும்?"