மூன்றாம் குப்பியும் ஐந்தாம் குப்பியும்

“அகிலனுக்கு அடங்குற செல், உனக்கு மட்டும் ஏன் அடங்க மாட்டேங்குது, நிரஞ்சனா?”

பேராசிரியர் பிரபாகர் இப்படிக் கேட்டதும் நிரஞ்சனாவின் முகம் சுண்டிப்போனது. சிங்கப்பூரின் கிளமெண்டியில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இது நாலாவது வருஷம். அகிலன் வந்து ஆறு மாதங்கூட ஆகவில்லை. இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் வேலை நீட்டிப்பு. இன்றைக்கு முடிவு.

வேலை இதுதான். படபடவென்று துடிக்கும் நரம்புச் செல்லை அடக்கி உட்காரவைக்கிற ஏற்பிகள் அதன் மேலேயே இருக்கின்றன. கிளைசின் என்ற அமினோ அமிலம் வந்து ஒட்டினால் ஏற்பி திறக்கும், செல் அடங்கும். அந்தக் கிளைசினைப் போலவே செய்த ஆறு புது மருந்துகளைச் சோதிக்கவேண்டும். எதில் எது என்று தெரியக்கூடாதென்று குப்பிகளில் வெறும் எண்கள்தான். இருவருக்கும் அதே ஆறு குப்பிகள்.

“ப்ரொஃப், சாதா கிளைசின் விட்டா செல் உடனே அடங்குது. இந்த ஆறுல எதுவுமே வேலை செய்யல. நாப்பது தடவை பாத்துட்டேன்.”

“அவனுக்கு மூணும் அஞ்சும் அழகா அடங்குதே! கிராஃப் பாத்தியா?”

பார்த்தாள். பார்த்ததிலிருந்து மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. அட, நரம்புச் செல் என்ன வீட்டுச் சாம்பாரா, கைக்குக் கை ருசி மாற!

“இன்னும் ஒரு வாரம் குடுங்க, ப்ரொஃப்.”

“பணம் போடுற ஸ்பான்சர் நல்ல ரிசல்ட்டுக்கு இன்னும் வெயிட் பண்ண மாட்டான் லா. உன் கைக்கு ராசி இல்ல, அவ்வளவுதான். அகிலன் இருக்கட்டும்.”

நாலு வருஷ உழைப்பு அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது. வெளியே அகிலன் நின்றிருந்தான்.

“சாரிக்கா. சாயந்தரம் சிராங்கூன் ரோட்டுல பிரியாணி, என் செலவு. வாங்க.”

“பிரியாணி கெடக்கட்டும்டா. நான் எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லு.”

“பொறுமையாப் பாக்கணும்க்கா” என்றான், அவள் கண்ணைப் பார்க்காமல்.

 அவளுக்கு அவன்மேல்கூட இல்லை, தன் கைமேல்தான் ஆத்திரம். சாமான்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு, குப்பிகளை நிரப்பி எண் ஒட்டித் தந்த மேலாளர் சம்சுன்னிசாவின் அறைக்குப் போய் உட்கார்ந்தாள்.

“அக்கா, எல்லாம் முடிஞ்சுபோச்சு. இனிமேலாவது சொல்லுங்க. மூணுலயும் அஞ்சுலயும் என்னதான் இருந்துச்சு? நான் எதைக் கோட்டை விட்டேன்னு தெரிஞ்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

சம்சுன்னிசா எழுந்து கதவைச் சாத்தினார்.

“நீ எதையும் விடல நிரா. மருந்து பார்சல் இன்னும் வந்தே சேரல. ஆறுலயும் வெறும் உப்புத்தண்ணிதான் ஊத்தினேன்.”

 நிரஞ்சனா துள்ளி எழுந்தாள். “அப்போ அகிலன் காட்டினது அத்தனையும் பொய்யா! வாங்கக்கா, இப்பவே ப்ரொஃப்கிட்டச் சொல்லுவோம்!”

சம்சுன்னிசா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“தண்ணிய ஊத்தச் சொன்னதே அவருதாம்மா.”