நீலப் புள்ளி

புள்ளியைக் காணோம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எங்கள் தெருமுனை மருந்துக்கடை வாசலில் வந்து நிற்க வேண்டிய நீலப் புள்ளி. இவர் போனை வேட்டியில் துடைத்துப் பார்த்தார், அணைத்துப் போட்டுப் பார்த்தார். வரைபடத்தில் தெரு இருந்தது, கடை இருந்தது, எங்கள் வீடு இருந்தது. மகளின் கார் மட்டும் இல்லை.

வாங்கிக் கொடுத்தவர் இவர்தான். அவளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் புது வண்டி. வண்டிக்குள்ளேயே இன்டர்நெட், ஒரு வருஷம் இலவசம், வண்டி எங்கே இருந்தாலும் போனில் தெரியும் என்று சொல்லி ஷோரூம் பெண் இவர் போனில் அந்த ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். சார் பெயரை எப்படிப் பதியட்டும் என்று கேட்டாள். ‘அப்பா’ என்றே போடுங்கள் என்றாள் மகள்.

கொஞ்ச நாளிலேயே அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். இவர் பேசிய பேச்சில் போன் நம்பரையும் மாற்றிக்கொண்டாள். இவர் அவள் பெயரை எடுப்பதை நிறுத்தினார். புள்ளியைப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

கேட்டால், வண்டியைத்தான் பார்க்கிறாராம். சர்வீஸுக்கு விட்டாளா, கண்ட இடத்தில் நிறுத்துகிறாளா என்று. சரி, வண்டியையாவது பாருங்கள் என்று நானும் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பேன். ஆபீஸ் போய்விட்டாள். கடைக்குப் போயிருக்கிறாள். இன்றைக்கு வீட்டைவிட்டே கிளம்பவில்லையே, காய்ச்சலோ என்னவோ. பெற்றவள் பிழைப்பு ஒரு புள்ளியோடு ஓடியது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் புள்ளி எங்கள் பக்கம் வர ஆரம்பித்தது. தெருமுனை வரைக்கும் வரும். அரை மணி நேரம் நிற்கும். திரும்பிவிடும்.

முதல் தடவை நான் செருப்பைத் தேடினேன். இவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

“வந்தவளுக்கு வாசல் தெரியாதா? நீ போனா அப்படியே அவளோட போயிடு.”

உட்கார்ந்துவிட்டேன். வீம்பில் அப்பனும் மகளும் ஒரே அச்சு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது நான்தான்.

இலவசம் முடியப்போகிறது, பணம் கட்டுங்கள் என்று போனில் செய்தி வந்தபடி இருந்தது. கட்டித் தொலையுங்களேன் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். காசு கொடுத்து வேவு பார்க்கிற அளவுக்கு நான் தரம் கெட்டுப் போகவில்லை என்றார். ஓசியில் பார்த்தால் கௌரவம் போலிருக்கிறது.

நேற்றோடு முடிந்தது.

இன்றைக்கு நாலு மணி தாண்டியதும் கௌரவம் தானாக இறங்கிவிட்டது. வெளியே மழை பிடித்துக்கொள்ள, இவர் ஷோரூமுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அதே பெண்தான் எடுத்தாள். பணம் கட்டினாலும் வண்டியில் இருப்பவர் திரையைத் தொட்டு மறுபடி சம்மதம் கொடுத்தால்தான் புள்ளி தெரியும் என்றாள். அப்படியானால் நான் பார்ப்பது அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று இவர் குரலைத் தாழ்த்தினார். அந்தப் பெண் சிரித்தாள்.

“இத்தனை நாளும் தெரியுமே சார். நீங்க பார்க்கிறப்பல்லாம் வண்டித் திரையில ‘அப்பா பார்க்கிறார்’னு வரும். வேண்டாம்னா அவங்களே எப்பவோ நிறுத்தியிருக்கலாம்.”

நான் போனை வாங்கி, இப்போது திரையில் என்ன வரும் என்று கேட்டேன்.

இன்றைக்கு வண்டியை எடுத்ததுமே, அப்பா பார்ப்பதை நிறுத்திவிட்டார் என்று வந்திருக்கும் என்றாள்.

அத்தனை ஞாயிறும் இவர் பார்க்கிறார் என்று தெரிந்துதான் அவள் நின்றிருக்கிறாள். பார்க்கிற மனுஷன் என்றைக்காவது எழுந்து வருவார் என்று நின்றிருக்கிறாள்.

இவர் செருப்புகூடப் போடாமல் படியிறங்கினார். நான் குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

மருந்துக்கடை வாசலில் வண்டி இல்லை. யாரைத் தேடுகிறீர்கள், வாராவாரம் வெள்ளை வண்டியில் வந்து நிற்குமே அந்தப் பெண்ணையா என்று கடைக்காரர் கேட்டார். இப்போதுதான் கிளம்பிப் போனதாம்.

தெரு முழுக்க நனைந்திருந்தது. வண்டி நின்ற இடம் மட்டும் நீளமாகக் காய்ந்து கிடந்தது. திரையில் அதைப் படித்துவிட்டும் வந்திருக்கிறாள் என் பெண்.

இவர் போய் அந்தக் காய்ந்த இடத்தில் நின்றார். அங்கேயும் மழை புள்ளி வைக்க ஆரம்பித்தது.

குடை என் கையில்தான் இருந்தது. நான் விரிக்கவில்லை.