தோழரின் தூக்கம்

மனநல ஆலோசகர் இளம்பரிதிக்கு இணையத்தில் எட்டு லட்சம் ரசிகர்கள்; அவர்களுக்கு அவர் 'தோழர்'. அத்தனை பேர் துக்கத்துக்கும் முகம் வாட அவருக்கு எங்கே நேரம்? அதற்குத்தான் ஜெனிட்டாவை வேலைக்கு வைத்திருந்தார். பெரம்பூரில் ஓர் அறையில் அவள் முக அசைவுகளைப் பதிவு செய்யும் சென்சார் வலையை முகத்தில் மாட்டிக்கொண்டு உட்காருவாள். அவள் கண் கலங்கினால் திரையில் அவருடைய கணினி உருவத்தின் கண் கலங்கும். பேச்சு மட்டும் அவருடையது. அதையும் வீட்டு ஊஞ்சலில் படுத்தபடியே பேசுவார்.

மே தினத்தன்று லைவ். ஜெனிட்டா தொடர்ந்து மூன்றாவது ஷிஃப்டில் இருந்தாள். லீவு கேட்டதற்கு, "உழைக்கப் பயப்படுற அந்த மனசோட முதல்ல பேசிப் பாருங்க" என்றிருந்தார்.

"ஓய்வு உழைக்கிறவனோட உரிமை! அதைப் பறிக்கிறவன் மனுஷனே இல்ல!" என்று இளம்பரிதி முழங்கினார். கோபத்தில் முகம் சிவக்க வேண்டிய அந்த இடத்தில் ஜெனிட்டாவுக்குக் கண் சொக்கிவிட்டது. திரையில் தோழரின் தலை சாய்ந்தது. வாய் பிளந்துகொண்டது. இளம்பரிதி பதறிப்போய்ப் பேச்சை நிறுத்தினார்.

ரசிகர்களோ கொண்டாடித் தீர்த்தார்கள். "சொன்னதைச் செஞ்சு காட்டிட்டாருய்யா மனுஷன்!" ஆளாளுக்கு ஆபீஸ் மேசையிலேயே படுத்துப் படம் போட்டார்கள்.

வேலை போய்விட்டது என்றே நினைத்திருந்த ஜெனிட்டாவை அவரே போனில் கூப்பிட்டார்.

"பின்னிட்டீங்க! இனிமே தினமும் லைவ்ல தூங்கறோம்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ரொம்ப நன்றிங்க சார்."

"சாரா? தோழர்னு சொல்லுங்க. நமக்குள்ள ஏது முதலாளி, தொழிலாளி?"

"சரிங்க தோழர். அப்போ வீட்டுக்குப் போயி கொஞ்சம் படுக்கட்டுமா?"

"ஐயையோ! நாளைக்கும் தூக்கம் இதே மாதிரி அசலா வரணும்ல? லைவ் ஆரம்பிக்கிற வரைக்கும் கண்ணை மட்டும் மூடிடாதீங்க, தோழர்."