வீட்டுக்காரரின் அண்ணன்

நான்காவது பன்னில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது கையும் களவுமாக மாட்டிக்கொண்டார் ஜிம் மாஸ்டர். சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டாரே தவிர, பன்னைக் கீழே வைக்கவில்லை.

"காலங்கார்த்தால ஆரம்பிச்சாச்சா?"

"பசிக்குது."

"இப்பத்தானே ஆறு முட்டை உள்ள போச்சு! அது வயிறா, இல்ல வேற ஏதாவதா?"

அவர் மென்றுகொண்டே இருந்தார். ஊருக்கெல்லாம் உடம்பைக் குறைக்க வழி சொல்கிற மனுஷன். அதற்கென்றே இணையத்தில் ஒரு பக்கமும் வைத்திருக்கிறார். எட்டு மாதத்துக்கு முன்பு வரை வயிறு பலகை மாதிரி இருந்தது. இப்போது எந்தச் சட்டையும் பொத்தான் போட இடம் கொடுப்பதில்லை.

எல்லாம் அந்தப் பக்கத்தால் வந்த வினை. தலைகீழாக நின்று வீடியோ போட்டும் இருநூறு பேருக்கு மேல் சேரவில்லை. போதாக்குறைக்கு, 'பொறந்ததுலேருந்தே ஒல்லியா இருக்கற உங்களுக்கு எங்க கஷ்டம் என்ன தெரியும்?' என்று யாரோ ஒரு பெண் கீழே எழுதிவிட்டாள். அதை அவர் நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்தார்.

மறுநாள் தொடங்கியதுதான் இந்தத் தீனி. முட்டிவலி என்று சாக்குச் சொல்லி ஜிம்மை உதவியாளரிடம் விட்டுவிட்டார். பக்கத்தில் அதற்கப்புறம் ஒரு படம்கூடப் போடவில்லை. மனசு ஒடிந்துபோய்ச் சாப்பிடுகிறார் என்று முதலில் அவளுக்குப் பாவமாக இருந்தது. போகப்போக அது வெட்கமாகிவிட்டது.

அந்த வெட்கம்தான் போன ஞாயிற்றுக்கிழமை அவள் வாயைக் கெடுத்தது. அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையின் முதலாளியம்மா வீட்டில் விருந்து. இவர் பக்கத்திலேயே தட்டும் கையுமாக நிற்க, "உன் வீட்டுக்காரர் ஜிம் வச்சிருக்காருன்னு சொன்னியே, வரலையா?" என்று கேட்டாள் முதலாளியம்மா.

"அவருக்கு ஒரு வேலைங்க மேடம். இவரு அவரோட அண்ணன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்றே அவளுக்கு உறைத்தது. அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு முதலாளியம்மாவுக்கு வணக்கம் வைத்து, "தம்பி சீக்கிரமே வருவான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். காட்டிக்கொடுக்கவில்லை.

நாலு நாளாயிற்று. கட்டிய கணவனை நாலு பேர் முன்னால் இல்லையென்று சொன்ன பாவி நான் என்று அவள் மனசு அரித்துக்கொண்டே இருந்தது. இன்றைக்கு எப்படியாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் சமையலறைக்கு வந்தாள். பன்னைப் பார்த்ததும் வழக்கம்போல வாய் முந்திக்கொண்டது.

"என்னங்க, அன்னிக்கு நான் சொன்னது..."

"எது?"

"அண்ணன்னு சொன்னேனே."

"அட, அதை விடு. நான் அப்பவே மறந்துட்டேன்."

அவர் குரலில் துளி வருத்தம் இல்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்றிருந்தது.

"எப்படிங்க விடறது? உங்களைப் பார்த்து வெக்கப்பட்டேன். இப்ப என்னை நினைச்சா எனக்கே வெக்கமா இருக்கு. நீங்க குண்டா இருந்தா எனக்கென்ன, ஒல்லியா இருந்தா எனக்கென்ன? என்னை மன்னிச்சிடுங்க."

அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் பன்னை வைத்துவிட்டு, கூடத்து மூலையில் இருந்த எடை பார்க்கும் கருவி மேல் ஏறினார். முள் நடுங்கி நடுங்கி நூறில் போய் நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சு விட்டார்.

அவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நூறுன்னா என்னங்க? ரெண்டு பேரும் சேர்ந்தே குறைக்கலாம். நாளையிலேருந்து நானும் உங்களோட ஓட வரேன். இனிமே யார் கேட்டாலும், இவர்தான் என் வீட்டுக்காரர்னு சத்தமா சொல்லுவேன்."

அவர் சட்டையைக் கழற்றினார். வெள்ளைச் சுவர் ஓரமாகப் போய், தோளைத் தொங்கவிட்டு, வயிற்றைத் தளரவிட்டு நின்றார். கைபேசியை அவளிடம் நீட்டி, "ஒரு படம் எடு. பக்கத்துல போடணும்" என்றார்.

 எந்த உடம்பைப் பார்த்து அவள் கூசினாளோ, அதை மறைக்காமல் ஊருக்கே காட்ட அவர் துணிந்துவிட்டார். இப்பேர்ப்பட்டவரையா அண்ணன் என்றோம் என்று மறுபடியும் கூனிக்குறுகிப் போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு படம் எடுத்தாள்.

"உடம்பு குறைஞ்சப்புறம் போடற படத்தையும் நானேதான் எடுப்பேன். எத்தனை மாசம் ஆனாலும் சரி."

அவர் கைபேசியை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, தன் வயிற்றைத் திருப்தியாகப் பார்த்தார்.

"மாசக்கணக்கா எதுக்கு? ரெண்டையும் இன்னிக்கே போட்டுடலாம்."

"ரெண்டா? ஒல்லியான படத்துக்கு எங்க போவீங்க?"

"அதைத்தான் போன வருஷமே நீ எடுத்துக் குடுத்துட்டியே!"