பத்து விநாடி நினைவகம்

மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் அந்த அறையில் அவளும் கணவரும் எதிரெதிர் மேசையில் வேலை பார்த்தவர்கள். அவர் தவறிய பிறகு இன்றுதான் வந்திருந்தாள்.

நாடி பார்க்கும் கிளிப்பைத் தன் விரலிலேயே மாட்டி, அதன் துடிப்பை அலையாகத் திரையில் வரையும் அலைக்காட்டியில் மாதிரியெடுக்கும் வேகத்தைக் குறைத்தாள். குறைத்தால்தான் அதன் நினைவகத்தில் பத்து விநாடியாவது பதியும். பதிவை நிறுத்தி, குமிழைத் திருப்பிப் பின்னோக்கிப் போனாள். பத்து விநாடியோடு அலை முடியவில்லை. அவளுடைய துடிப்புக்கு முன்னால், குமிழைத் திருப்பித் திருப்பி மணிக்கட்டு வலிக்கும்வரை வெறும் நேர்கோடு. அதற்கும் முன்னால், அடிக்கடி தடுக்கி விழுந்து எழும் ஒரு துடிப்பு. அவர் நெஞ்சில் காது வைத்து அவள் கேட்டுப் பழகியது.

கொழுந்தன் வாசலில் வந்து நின்றான். "அண்ணி, கிளம்பலாமா? இதை அணைச்சிடவா?"

"வேண்டாம்ப்பா. அணைச்சா அழிஞ்சிடும்."

அவன் திரையையே பார்த்தான். "அண்ணனோடதா?"

அவள் தலையசைத்தாள்.

"இன்னும் பின்னால போகுமா?"

"போகுது."

அவனே குமிழைத் திருப்பினான். தடுக்கல் மறைந்தது. துடிப்பு, ஓடி விளையாடும் பையனுடையதுபோல் வேகமெடுத்தது. பிறகு கைக்குழந்தையுடையதுபோல் இன்னும் சிறிதாக, இன்னும் வேகமாக. அவன் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

அதற்கு மேல் திருப்ப இருவருக்கும் மனம் வரவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு அவளருகே உட்கார்ந்தான்.